கிட்டப்பாவும் அவர்தம் ரசிகரும்

உள்ளங் கவர்ந்த ஒருவரைக் கண்ணாரக் காணவும், அவர் குரலைக் காதாரக் கேட்கவும் நெடுந்தூரம் பயணஞ் செய்வது மக்கட்கு இயல்பு. தலயாத்திரை செய்வாரைப் போலச் சங்கீத யாத்திரை செய்தவரும் நம் நாட்டில் பலர். நாடக மேடையே சங்கீத மேடையாகவும் விளங்கிய காலத்தில் அவ்வாறு மக்களைத் தம்பால் ஈர்த்தவருள் தலைசிறந்தவர் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா. அவர்தம் வரலாற்றையும், அவரை நாடிச் சென்ற ரசிகர்தம் அன்பின் தன்மையையும் ஈண்டுச் சிறிது சிந்திப்பாம்.

கிட்டப்பா 1906-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 25-ஆம் நாள், அக்காலத்துத் திருவிதாங்கூர் ஆட்சிக்குட்பட்டிருந்த செங்கோட்டையில், கங்காதர ஐயரின் மைந்தராய்த் தோன்றினார். பெற்றோர் இட்ட பெயர் இராமகிருஷ்ணன். வறுமை மிக்க குடும்பம் அது. உடன்பிறந்தார் சிலரைப் போலவே அவரும் பள்ளிப் படிப்பைக் கருதாது, பாலப் பருவத்திலேயே நாடக மேடை ஏறினார். பின்னர், வியத்தகு காட்சியமைப்புகளுக்குப் பெயர்பெற்ற கன்னையாவின் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். அக்கம்பெனியார் நடத்திய தசாவதாரம் முதலிய நாடகங்களில் அவர் புகழ் ஓங்கிற்று. காட்சிகளைக் காணவென்று வந்தோர், கிட்டப்பாவின் பாட்டைக் கேட்கவென்றே மீண்டும் வரலாயினர்.

அவர் குரலின் பெருமையை அறியவேண்டின் அக்காலத்து நாடகக் கொட்டகையின் நிலையை நாம் அறிதல் வேண்டும். ஒலிபெருக்கி பரவாத நாட்கள் அவை. மேடையிலிருந்து எழும் பாட்டு, கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவன் செவிக்கும் தெளிவாக எட்டவேண்டும். ஆதலின் நடிகர்கள் மிக உயர்ந்த சுருதியிலேயே பாடினர். கிட்டப்பாவோ ஐந்து கட்டைக்கு மேற்பட்ட சுருதியில், தார ஸ்தாயியில் நெடுநேரம் நின்று பாடியும், இனிமை சிறிதும் குன்றாமல் பிருகாக்களை உதிர்க்க வல்லவர். அவருடைய தமையனார் காசி ஐயர் ஆர்மோனியம் வாசித்துத் துணைநின்றார்.

இத்தகைய குரலைக் கேட்கப் புறப்படுவது அந்நாளில் எளிதான செயலன்று. நோட்டீசு கைக்கு வந்தது முதலே கிராமத்தில் பேச்சு அதுவாகிவிடும். அந்தி சாயுமுன் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு, வண்டி பூட்டுவோர் பூட்டுவர், மற்றையோர் நடப்பர். இராப்போது தொடங்கும் நாடகம் விடியற்காலையில்தான் முடிவுறும். வள்ளி திருமணத்தின் கதை அறியாதார் அக்கூட்டத்தில் யாருமிலர். வேலன் வள்ளியை மணப்பான் என்பதை அறிந்தே அவர்கள் வந்தனர். அதனை இன்றிரவு எவ்வாறு பாடப்போகின்றார் என்பதொன்றே அவர்கள் அறிய விழைந்தது. ஒரு பாட்டு முடிந்தவுடன் ‘ஒன்ஸ்மோர்’ என்னும் முழக்கம் எழும், நடிகரும் மறுக்கலாகாது. கண்ணெரிச்சலோடு வீடு திரும்புவோன், ஏர் பூட்டும்போதும் அப்பாட்டையே முணுமுணுத்துக் கொண்டிருப்பான்.

கொடுமுடியில் 1908-ஆம் ஆண்டு பிறந்த கே. பி. சுந்தராம்பாள் அம்மையாரும் குரல்வளத்தால் பெயர்பெற்றிருந்தார். இருவரையும் இலங்கையிலே நாடக மேடை ஒன்றுசேர்த்தது. வேலனாகக் கிட்டப்பாவும் வள்ளியாகச் சுந்தராம்பாளும் எதிரெதிர் நின்று பாடிய நாடகங்களுக்குத் தமிழகமெங்கும் கூட்டம் பெருகிற்று. மேடையில் தோன்றிய அன்பு வாழ்விலும் தொடர்ந்து, இருவரும் கணவன் மனைவியராயினர். கிட்டப்பா முன்னரே மணமானவர். அவ்வில்வாழ்க்கை இன்னிசை போன்று என்றும் இசைந்து சென்றதன்று. மனவேறுபாடும் பிரிவும் அவர்களை வருத்தின.

புகழ் உச்சியை எய்திய காலத்திலேயே கிட்டப்பாவை நோய் பற்றிற்று. 1933-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 2-ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். அகவை இருபத்தேழே. பல்லாயிரவர் கேட்டு மகிழ்ந்த குரல் இத்துணை விரைவில் அடங்கியதென்றால் வருந்தாதார் யார்?

சுந்தராம்பாள் அம்மையாருக்கு அப்போது வயது இருபத்தைந்து. அன்று முதல் வெண்ணிற ஆடையே உடுத்தார். ஆடவரோடு இணைந்து நடிப்பதில்லை என்றும் உறுதி பூண்டார். 1935-இல் வெளிவந்த நந்தனார் திரைப்படத்தில் ஒரு லட்ச ரூபாய் ஊதியம் பெற்று, நந்தனார் வேடத்தைத் தாமே தாங்கினார். 1980-இல் மறையும் வரை, நாற்பத்தேழு ஆண்டுகள், அவ்வெண்ணிற ஆடையை அவர் மாற்றினாரல்லர். கிட்டப்பாவின் ரசிகருள் முதன்மையானவர் யாரெனின் அவ்வம்மையாரே என்போம்.

இங்கு நாம் எண்ணவேண்டியது ஒன்றுண்டு. பல காதம் நடந்து வந்த ரசிகரின் அன்பு பொய்யன்று. எனினும் அவ்வன்பு குரலை நாடியதேயன்றி, அக்குரலைத் தாங்கிய உடலை நினைத்ததில்லை. இரவெல்லாம் பாடிய தொண்டைக்கு ஓய்வு வேண்டுமே என்று கருதி, ‘ஒன்ஸ்மோர்’ கேளாது அமர்ந்திருந்தோர் எத்துணைப்பேர் இருந்திருப்பர்? கனி தரும் மரத்தினின்று கொள்ளுவோர் பலர். அதன் வேருக்கு நீர் வார்ப்போர் சிலரே.

கிட்டப்பாவின் பாட்டுக்களுள் சில இசைத்தட்டுகளில் எஞ்சியுள்ளன. பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடமே கொள்ளும் தட்டுகள் அவை. இரவு முழுதும் ஓடிய வெள்ளத்தில் ஒரு கை நீர் என அவற்றைக் கூறலாம். தேவாமிர்தவர்ஷிணி இராகத்தில் அவர் பாடியுள்ள தியாகராஜ கீர்த்தனத்தைக் கேட்போர், நம் முன்னோர் வண்டி கட்டிக்கொண்டு சென்றதன் காரணத்தை உணர்வர். இன்று பாட்டு நம் கைக்குள்ளேயே கிடைக்கின்றது. நடக்கவேண்டிய தூரம் குறைந்துவிட்டது. ஆனால் பாடுவோரும் களைப்பும் நோயும் துயரும் உடைய மாந்தரே என்பது மட்டும் மாறவில்லை. நாம் போற்றும் பாடகரைக் காணச் செல்லுங்கால் இதனையும் உடன்கொண்டு செல்வோமாயின், நம் ரசனை அன்பென்னும் பெயர்க்கு உரியதாகும்.