மிக்கி தாம்சன்

மிக்கி தாம்சன் (டிசம்பர் 7, 1928 – மார்ச் 16, 1988) ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியாவைச் சேர்ந்த தானுந்துப் பந்தய வீரரும் வடிவமைப்பாளரும் ஆவார்.

நேர்கோட்டு வேகப் பந்தயங்களில் பொறிகளின் திறன் பெருகியபோது, பின் டயர்கள் பிடிப்பின்றி வீணே சுழன்றன. அகன்ற டயர் குறுகிய சக்கரத்தில் பிதுங்கி நிற்கும் என்பதால், ஆர்வலர்கள் தொழிற்சாலைச் சக்கரத்தை வெட்டி, இடையில் எஃகுப் பட்டையைப் பற்றவைத்து அகலமாக்கினர். தாம்சனோ 1954இல் ஓட்டுநர் இருக்கையையே பின் அச்சுக்குப் பின்னால் நகர்த்தி, பின் சக்கரங்களின் மீது எடையைக் கூட்டினார்.

1960இல் பொன்வில் உப்புச் சமவெளியில், நான்கு பொன்டியாக் பொறிகள் பூட்டிய தானுந்தில் மணிக்கு 406.6 மைல் வேகத்தை எட்டினார். திரும்பும் ஓட்டம் நிறைவேறாததால் அது சாதனையாகப் பதிவாகவில்லை.

1963ஆம் ஆண்டு இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்துக்கு, 12 அங்குலச் சக்கரங்களில் தாழ்ந்து அகன்ற டயர்களைக் கொண்டுவந்தார். பிறர் முறையிட்டதால் டயர்களுக்குக் குறைந்தபட்ச அளவு விதிக்கப்பட்டது. 1964இல் அத்தானுந்துகளை 15 அங்குலத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. அவ்வாண்டுப் பந்தயத்தின் இரண்டாம் சுற்றில் டேவ் மெக்டொனால்ட் ஓட்டிய தாம்சனின் தானுந்து சுவரில் மோதித் தீப்பிடித்தது. அவரும், அதன்மீது மோதிய எடி சாக்சும் உயிரிழந்தனர். டயர் மாற்றம் ஒன்றே இதற்குக் காரணம் எனக் கூறுவதற்கில்லை.

தாம்சனும் அவரது மனைவி துரூடியும் 1988இல் தம் வீட்டருகே சுட்டுக் கொல்லப்பட்டனர். அவரது முன்னாள் வணிகக் கூட்டாளி மைக்கேல் குட்வின் 2007இல் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டார்.