எல்லை கடந்த பாதங்கள்: புனித யோசேப்பு வாஸ்



ஆகஸ்டு மாதம் வந்தாலே காவி உடுத்தி, செபமாலை அணிந்து, வேளாங்கண்ணிக்கு நடந்து செல்லும் திருப்பயணிகளை நம் தாம்பரம் பகுதிச் சாலைகளில் காண்கிறோம். அவர்களுக்கு மோரும் உணவும் கொடுத்து மகிழ்கிறோம். கால் வலித்தாலும் அப்பயணத்தில் அச்சமில்லை. நடப்பது நம் சொந்த மண்ணில். ஆனால் பிடிபட்டால் சிறை என்று தெரிந்தும் அந்நிய அரசின் எல்லைக்குள் நடந்து சென்ற ஒரு குருவை இன்று நினைவுகூர்வோம். அவர்தான் இலங்கையின் திருத்தூதர் என்று போற்றப்படும் புனித யோசேப்பு வாஸ்.

1651 ஏப்ரல் 21 அன்று கோவாவின் பெனாலிம் ஊரில் பிறந்த இவர், 1676இல் குருவானார். அந்நாளில் இலங்கையின் கரையோரப் பகுதிகள் டச்சுக்காரர் வசம் இருந்தன. 1658இல் யாழ்ப்பாணமும் அவர்கள் கைக்குப் போனது. கத்தோலிக்கக் குருக்களுக்கு அங்கே தடை. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் திருப்பலியின்றி, பாவசங்கீர்த்தனமின்றி மக்கள் தவித்தார்கள். இதைக் கேள்விப்பட்ட அடிகளாரால் கோவாவில் அமைதியாக இருக்க முடியவில்லை. 1686இல் புறப்பட்டார். குருவுக்குரிய உடையை விட்டு, ஏழைக் கூலியாளைப் போல் உடுத்தி, யோவான் என்ற பணியாளருடன் தூத்துக்குடியில் படகேறி, 1687இல் யாழ்ப்பாணம் சேர்ந்தார்.

அங்கே கடும் நோய் அவரை வாட்டியது. உடல் தேறியதும் கழுத்தில் செபமாலையுடன் வீடு வீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார். அதைக் கண்டு யாருடைய முகம் மலர்கிறதோ அவர்களே கத்தோலிக்கர் என்று அறிந்துகொண்டார். சில்லாலை மக்கள் அவரை மறைத்து வைத்துக் காத்தார்கள். டச்சுக்காரரின் தேடுதல் கடுமையானபோது, 1690இல் கண்டி அரசருக்கு உட்பட்ட புத்தளத்துக்குச் சென்றார். 1692இல் கண்டி நகரை நோக்கி நடந்தார்.

கண்டி அரசு தன் எல்லைகளை விழிப்புடன் காத்துவந்தது. மலைப்பாதைகளில் முள்கதவுகளும் காவலர்களும் இருந்தார்கள். தங்கள் நாட்டுக்குள் வந்த அடிகளாரை அவர்கள் போர்ச்சுக்கீசிய உளவாளி என்று சந்தேகித்தார்கள். அவர் சிறைப்பட்டார். அவரோ காவலில் இருந்தபடியே சிங்களம் கற்றார், திருப்பலி நிறைவேற்றினார். அரசர் இரண்டாம் விமலதர்மசூரியரின் மனம் மெல்ல மெல்ல மாறியது. அடிகளாருக்கு விடுதலை கிடைத்தது. 1697இல் கண்டியில் அம்மை நோய் பரவி, நோயாளிகளைச் சொந்தக்காரர்களே கைவிட்டபோது, அவர்களைத் தொட்டுப் பராமரித்தவர் அந்த 'உளவாளி'தான். மதம் பார்க்காமல் செய்த பணி அது.

மாறுவேடத்தில் டச்சுப் பகுதிக்குள்ளும் அவர் சென்று வந்தார். கோவாவுக்குத் திரும்பவே இல்லை. 1711 ஜனவரி 16 அன்று கண்டியில் இறைவனடி சேர்ந்தார். திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1995இல் அவருக்கு அருளாளர் பட்டமும், திருத்தந்தை பிரான்சிஸ் 2015 ஜனவரி 14 அன்று கொழும்பில் புனிதர் பட்டமும் வழங்கினார்கள்.

அன்பானவர்களே, எல்லையில் நிற்கும் காவலர் கேட்பது ஒரே கேள்விதான்: நீ யார்? அடிகளாரிடம் காட்டுவதற்குச் சான்றிதழ் இல்லை. அவருடைய அன்பே காலப்போக்கில் அதற்குப் பதில் சொன்னது. ஆனால் அந்தப் பதில் வெளிப்பட, அவர்மேல் சந்தேகம் கொண்டவர்களும் பொறுத்திருக்க வேண்டியிருந்தது.

2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டபோது, நம் தாம்பரத்துக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையே புதிய இரயிலும் தொடங்கியது. அந்தப் பாதை முடியும் இடத்துக்கு அப்பால் இருக்கும் கடலைத்தான் 1983க்குப் பிறகு ஆயிரக்கணக்கான ஈழத்தமிழர் உயிருக்குப் பயந்து தாண்டி வந்தார்கள். நம் தெருவில் வாடகைக்கு வீடு கேட்டு அவர்களில் ஒருவர் வந்தால் நாம் என்ன கேட்கிறோம்? சந்தேகத்தோடு கதவை மூடுகிறோமா, பொறுமையோடு அறிந்துகொள்கிறோமா? திருப்பயணிக்கு மோர் கொடுப்பது எளிது. அந்நியனாய் வந்தவரை ஏற்றுக்கொள்வதே ஆண்டவர் நம்மிடம் எதிர்பார்ப்பது.

புனித யோசேப்பு வாஸே, எங்கள் உள்ளத்தின் எல்லைகளையும் கடக்க எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.