7 அடி 7 அங்குலம் வளர்ந்த ‘ஐரிஷ் ராட்சதர்’: மண்டை ஓட்டில் கிடைத்த விடை என்ன?

யார் இந்த சார்லஸ் பைர்ன்?

1761-ல் அயர்லாந்தில் பிறந்தவர். 7 அடி 7 அங்குல உயரம். லண்டனில் மக்கள் காசு கொடுத்து இவரைப் பார்க்க வந்தாங்க. ஆனால் 1783-ல், 22 வயசுலேயே இறந்துட்டார்.

கடைசி ஆசை என்ன?

தன் உடலை யாரும் அறுத்துப் பார்க்கக் கூடாது, கடலில் அடக்கம் செய்யணும் என்பதுதான். அது நடக்கல. அறுவை சிகிச்சை நிபுணர் ஜான் ஹன்டர் உடலைக் கைப்பற்றினார். எலும்புக்கூடு காட்சிப்பொருளானது.

ஏன் இவ்வளவு வளர்ந்தார்?

1909-ல் அமெரிக்க மருத்துவர் ஹார்வி குஷிங், மண்டை ஓட்டைத் திறந்து பார்த்தார். மூளைக்கு அடியில் பிட்யூட்டரி சுரப்பி இருக்கும் குழி ரொம்பப் பெருசா இருந்தது. அங்கே வளர்ந்த கட்டிதான் வளர்ச்சி ஹார்மோனை அளவுக்கு மீறி சுரந்திருக்கு. 2011-ல் அவரது பல்லில் எடுத்த டிஎன்ஏ, இதற்குப் பின்னால் ஒரு மரபணு மாற்றம் இருந்ததையும் காட்டியது.

இன்னைக்கு எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க?

மண்டை ஓட்டைத் திறக்க வேண்டாம். ரத்தப் பரிசோதனையில் ஹார்மோன் அளவு தெரியும். எம்ஆர்ஐ ஸ்கேன் சில மில்லிமீட்டர் கட்டியைக்கூட காட்டிடும். சீக்கிரம் தெரிஞ்சா அறுவை சிகிச்சை, மருந்து ரெண்டும் இருக்கு.

2023-ல் லண்டன் ஹன்டேரியன் அருங்காட்சியகம் பைர்னின் எலும்புக்கூட்டைக் காட்சியிலிருந்து எடுத்துவிட்டது. ஆனால் ஆய்வுக்காக வச்சிருக்காங்க. அவர் கேட்ட கடல் மட்டும் இன்னும் கிடைக்கல.