எஜமானரின் சாவை வேண்டிய பெண்

1849ஆம் ஆண்டின் தொடக்கம். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் நோயுற்றுக் கிடந்த ஓர் அடிமைப் பெண், இரவும் பகலும் கடவுளிடம் ஒன்றையே வேண்டிக்கொண்டிருந்தார். தம் எஜமானர் எட்வர்ட் புரோடஸ் மனம் மாற வேண்டும் என்பதே அந்த வேண்டுதல். புரோடஸோ அவரை விற்பதற்காக ஆள்களை அழைத்து வந்து காட்டிக்கொண்டிருந்தார். நோயாளியை வாங்க யாரும் முன்வரவில்லை.

பிறகு, தம்மையும் தம் சகோதரர்களையும் தெற்கே உள்ள தோட்டங்களுக்கு விற்கப்போகிறார்கள் என்ற பேச்சு அவர் காதில் விழுந்தது. ஏற்கெனவே மூன்று சகோதரிகள் அப்படி விற்கப்பட்டவர்கள். அன்றிலிருந்து வேண்டுதல் மாறியது. மனம் மாறாத மனிதர் என்றால் அவரைக் கொன்றுவிடும்படி கடவுளிடம் கேட்டார்.

அதிக நாள் ஆகவில்லை. புரோடஸ் இறந்துபோனார்.

அந்தப் பெண்தான் ஹேரியட் டப்மன். எதிரி ஒழிந்தான் என்று அவர் மகிழவில்லை. பாவ மனம் மாறாமலே ஒருவர் போய்விட்டாரே என்று வருந்தியதாகப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். பல்கலைக்கழகத்தில் ஒரு கட்டுரைக்காக இவரைப் பற்றிப் படித்தபோது, புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இந்த எஜமானருக்காகவா வருந்தினார்?

எஜமானரின் சாவால் நிலைமை சீராகவும் இல்லை. அவர் வைத்துப்போன கடனை அடைக்க, மனைவி எலைசா அடிமைகளை விற்க முற்பட்டார். அதனால்தான் அந்த ஆண்டு செப்டம்பரில் டப்மன் தப்பினார். உடன் புறப்பட்ட சகோதரர்கள் இருவரும் பயந்து திரும்பிவிட, பின்னர் தனியாகவே பிலடெல்பியா சென்று சேர்ந்தார். அவர் தலைக்கு 40,000 டாலர் வெகுமதி இருந்ததாக இணையத்தில் பலர் எழுதுகிறார்கள். அது கட்டுக்கதை. எலைசா வெளியிட்ட அறிவிப்பில், மாநிலத்துக்கு வெளியே பிடித்தால் ஆளுக்கு 100 டாலர் என்றுதான் இருந்தது.

தப்பியவர் அதோடு நிற்கவில்லை. சுமார் 13 முறை மேரிலாந்துக்குத் திரும்பி, ஏறக்குறைய 70 பேரை மீட்டு வந்தார். ஒருவரைக்கூட வழியில் பறிகொடுத்ததில்லை. சிறுமியாக இருந்தபோது, மேற்பார்வையாளர் ஒருவர் வேறோர் அடிமையை நோக்கி எறிந்த எடைக்கல் டப்மனின் தலையைப் பிளந்தது. அன்று முதல் நின்ற இடத்திலேயே திடீரென உறங்கிவிடுவார், காட்சிகள் காண்பார். அவற்றைக் கடவுளின் குரல் என்று நம்பினார். ஒரு மார்ச் மாதம், ஆபத்து என்று அந்தக் குரல் எச்சரித்ததாக, சாலையை விட்டு விலகி அக்குளளவு ஆழமுள்ள குளிர்ந்த ஓடையில் இறங்கினார். உடன் வந்த ஆண்கள் தயங்கித் தயங்கிப் பின்தொடர்ந்தார்கள். அவர்களைத் தேடும் அறிவிப்பு முந்தின நாளே ரயில் நிலையத்தில் ஒட்டப்பட்டிருந்தது பிறகுதான் தெரிந்தது.

கடவுள் காப்பார் என்று நம்பியவர், எதையும் கடவுளின் தலையில் கட்டிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் திங்கட்கிழமைக்கு முன் பத்திரிகையில் அறிவிப்பு வராது என்பது தெரியும். எனவே சனிக்கிழமை இரவுகளில் கிளம்பினார். இரவு நீளும் குளிர்காலத்தைத் தேர்ந்தெடுத்தார். கையில் துப்பாக்கி இருந்தது. வழியில் மனம் தளர்ந்து திரும்ப நினைத்தவர்களையும் அதே துப்பாக்கியால் மிரட்டினார். திரும்பும் ஒருவர் மற்ற எல்லாரையும் காட்டிக்கொடுக்க நேரிடும் அல்லவா?

உள்நாட்டுப் போரில் வடக்குப் படைக்கு உளவு பார்த்து, 1863இல் கம்பாகி ஆற்றங்கரையில் 700க்கும் மேற்பட்டோரை ஒரே இரவில் விடுவிக்க வழிகாட்டியதும் அவரே. 1913இல் ஆபர்ன் நகரில் மறைந்தார்.

ஆனால், அவர் வேண்டியதெல்லாம் கிடைத்துவிடவில்லை. தங்கை ரேச்சலை மீட்கப் பத்தாண்டுகள் முயன்றார். 1860 இறுதியில் மீண்டும் சென்றபோது, ரேச்சல் இறந்துவிட்டதாகத் தெரிந்தது. அவருடைய இரண்டு பிள்ளைகளையாவது அழைத்து வரலாம் என்றால், கொடுக்க வேண்டிய லஞ்சப் பணம் 30 டாலர் அவரிடம் இல்லை. பிள்ளைகள் அங்கேயே இருக்க, டப்மன் வெறுங்கையோடு திரும்பவில்லை. காத்திருந்த வேறொரு குடும்பத்தை, மயக்க மருந்தால் உறங்கவைத்த கைக்குழந்தையுடன், குளிரில் வடக்கே அழைத்துச் சென்றார்.