கடல் கடந்த படை – முதலாம் இராசேந்திர சோழன்

நுழையும்முன்

திருப்பூரில் தைக்கப்படும் பின்னலாடை நொய்யல் கரையிலிருந்து புறப்பட்டுத் தூத்துக்குடித் துறைமுகத்தை அடைந்து, கப்பலேறி அயல்நாடு செல்கிறது. கடலைக் காணாத ஊரின் பிழைப்பும் கடல்வழியின் அமைதியைச் சார்ந்தே நிற்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரும் இந்நிலையே இருந்தது. கடல்வழியைத் தன் கைக்குள் கொள்ள விரும்பிய சோழ வேந்தன் ஒருவன், நிலப்படையைக் கலங்களில் ஏற்றி, கடல் கடந்து இறக்கிப் போர் செய்தான். தரைப்படையும் கடற்படையும் ஒன்றற்கொன்று துணையாக நின்ற அப்போர்களின் வழியே அவனது வாழ்வை அறிவோம்.

இளவரசன் மதுராந்தகன்

முதலாம் இராசராசனுக்கும் வானவன் மாதேவிக்கும் மகனாகப் பிறந்தவன் இராசேந்திரன். மதுராந்தகன் என்பது இவனது இளமைப் பெயர். ஆடித் திங்கள் திருவாதிரை இவன் பிறந்த நாள் ஆகும். அரியணை ஏறுவதற்கு முன்பே போர்க்களங்களில் பயின்றவன் இவன். மேலைச் சாளுக்கியர்மீது இராசராசன் காலத்தில் நிகழ்ந்த போரில் சோழப்படையை நடத்தியவன் இவனே என்பர் வரலாற்றறிஞர். அப்போரில் நாடு சூறையாடப்பட்டதையும் பெண்டிரும் குழந்தைகளும் துன்புற்றதையும் கி.பி.1007ஆம் ஆண்டைச் சார்ந்த ஹொட்டூர்க் கல்வெட்டு எடுத்துரைக்கிறது. அது தோற்றவர் தரப்பின் சான்று. வென்றவரின் மெய்க்கீர்த்தியோடு அதனையும் சேர்த்துப் படிப்பதே வரலாற்றை அறியும் முறை.

கி.பி.1012இல் இராசேந்திரன் தந்தையோடு இணைந்து ஆளும் உரிமை பெற்றான். 1014இல் முழு உரிமையுடன் முடிசூடினான். அவன் பெற்றது ஒருங்கமைந்த நாடு. தமிழகத்தோடு ஆந்திர, கருநாடகப் பகுதிகள் சிலவும் ஈழத்தின் வடபகுதியும் அதனுள் அடங்கியிருந்தன. மாலத்தீவுகளையும் இராசராசன் வென்றிருந்தான். ஆகவே, கலங்களும் அவற்றைச் செலுத்த வல்ல மாலுமிகளும் இராசேந்திரனுக்குத் தந்தை விட்டுச்சென்ற செல்வங்கள் எனலாம். கி.பி.1018இல் தன் மகன் இராசாதிராசனை உடனாள்பவனாக அமர்த்தினான். நெடுந்தொலைவுப் போர்களில் கருத்தைச் செலுத்த இவ்வேற்பாடு அவனுக்கு வழிவகுத்தது.

ஈழப்போர்

பத்தாம் நூற்றாண்டில் சோழரிடம் தோற்ற இராசசிம்ம பாண்டியன், தன் குலத்தின் மணிமுடியையும் ஆரத்தையும் ஈழ மன்னனிடம் அடைக்கலமாக வைத்திருந்தான். முதலாம் பராந்தகன் அவற்றைப் பெற முயன்றும் இயலவில்லை. கி.பி.1017இல் இராசேந்திரனின் படை கடல் கடந்து சென்று அவற்றைக் கைப்பற்றியது. ஈழ மன்னன் ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டுச் சோழநாட்டிற்குக் கொண்டுவரப்பட்டான். பன்னிரண்டு ஆண்டுகள் சிறையிருந்து, கி.பி.1029இல் தாய்மண்ணைக் காணாமலேயே அவன் உயிர்நீத்தான். பௌத்த விகாரைகள் கொள்ளையிடப்பட்டதை ஈழத்தின் வரலாற்று நூல் வருத்தத்துடன் பதிவு செய்துள்ளது.

இப்போர் ஒரு படிப்பினையையும் தந்தது. ஈழத்தின் வடபகுதியில் சோழராட்சி நிலைபெற்றது. தெற்கே, காடும் மலையும் சூழ்ந்த உரோகண நாட்டில் அது வேரூன்றவில்லை. மகிந்தனின் மகன் அங்கிருந்தே எதிர்த்து நின்றான். கலம் ஏறிச் சென்று ஒரு நாட்டை வெல்வது வேறு. அந்நாட்டு மக்களின் மனத்தை வெல்வது வேறு.

ஆறுகளைக் கடந்த படை

கி.பி.1021ஆம் ஆண்டளவில் முசங்கி என்னுமிடத்தில் சாளுக்கிய மன்னன் சயசிம்மனை வென்றபின், இராசேந்திரன் வடக்கே பெரும்படையொன்றை அனுப்பினான். கலிங்கம், கோசலம் ஆகியவற்றைக் கடந்து வங்கம் நோக்கி அப்படை நடந்தது. வழியெங்கும் ஆறுகள் குறுக்கிட்டன. ஆற்றைக் கடக்கும் நேரமே எந்தப் படைக்கும் இடர்மிக்க நேரம். பாதிப்படை அக்கரையிலும் பாதிப்படை இக்கரையிலும் நிற்க, பகைவர் தாக்கினால் ஒன்றற்கொன்று உதவ இயலாது. சோழர் யானைகளை வரிசையாக நிறுத்திப் பாலமாக்கி, அவற்றின்மீது வீரர்களைக் கடக்கச் செய்தனர் எனத் திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுகிறது.

தண்டபுத்தியின் தன்மபாலன், தக்கணலாடத்தின் இரணசூரன், வங்காள தேயத்தின் கோவிந்தசந்தன், பாலமரபின் மகிபாலன் ஆகியோர் தோல்வியுற்றனர். வெற்றிப்படை கங்கை நீருடன் திரும்பியபோது, இராசேந்திரன் கோதாவரிக் கரையில் அதனை எதிர்கொண்டான். அந்நீரைக் கொண்டு நிறைக்கப்பட்ட ஏரியே சோழகங்கம். நீரால் நாட்டப்பட்ட வெற்றித்தூண் என்று செப்பேடு அதனைப் போற்றுகிறது. பொன்னேரி என இன்று அழைக்கப்படும் அவ்வேரியின் அருகே கங்கைகொண்ட சோழபுரம் என்னும் புதிய தலைநகர் எழுந்தது. பிறநாட்டு மன்னர்கள் போரின் நினைவாகக் கல்தூண் நாட்டினர். இவனோ உழவனுக்குப் பயன்படும் நீர்நிலையை நாட்டினான்.

நட்பு பகையானது

சுமத்திராத் தீவையும் மலாய்த் தீபகற்பத்தையும் தன் ஆணையின்கீழ் வைத்திருந்தது சீவிசயப் பேரரசு. அதன் வேந்தர்கள் முதலில் சோழருக்கு நண்பர்களாகவே இருந்தனர். சீவிசய மன்னன் மாறவிசயோத்துங்கன் தன் தந்தையின் பெயரால் நாகப்பட்டினத்தில் சூளாமணி விகாரையை எழுப்பினான். அவ்விகாரைக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை இராசராசன் வழங்கினான். தந்தை வாய்மொழியாக அளித்த அக்கொடையைச் செப்பேட்டில் பொறித்து நிலைநிறுத்தியவன் இராசேந்திரனே. நாகப்பட்டினத்துச் சிவன் கோயிலுக்குச் சீவிசய மன்னன் அளித்த கொடைகளில் சீனப் பொன்னும் இருந்ததை அக்கோயில் கல்வெட்டு அறிவிக்கிறது.

இத்தகைய நட்பு ஏன் முறிந்தது? சோழநாட்டு வணிகர்களுக்குச் சீனம் பெருஞ்சந்தையாக விளங்கியது. கி.பி.1015இல் சோழர் தூதுக்குழு சீனப் பேரரசரின் அவையை அடைந்தது. ஆனால் சீனம் செல்லும் கலங்கள் மலாக்கா நீரிணையையோ சுண்டா நீரிணையையோ கடந்தாக வேண்டும். அவ்விரு வாயில்களின் திறவுகோலும் சீவிசயத்திடம் இருந்தது. வணிகக் கலங்களுக்கு அது விதித்த தடையும் சுங்கமுமே போருக்குக் காரணமாயின என்பது வரலாற்றறிஞர் பலரின் கருத்து. வெற்றிப்புகழில் இராசேந்திரன் கொண்ட வேட்கையும் காரணம் எனக் கருதுவோர் உளர்.

காற்றும் கலமும்

நாகப்பட்டினத்திற்கும் கடாரத்திற்கும் இடையே 2,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட கடல் விரிந்துள்ளது. பாய்மரக் கலங்களுக்குக் காற்றே எரிபொருள். தென்மேற்குப் பருவக்காற்று கலங்களைக் கிழக்கே செலுத்தும். வடகிழக்குப் பருவக்காற்று மீளக் கொணரும். புறப்பட்ட படை, காற்றுத் திசை மாறும்வரை பல திங்கள் அயல்மண்ணில் தங்கியாக வேண்டும். எனவே, வீரர்களுக்கும் மாலுமிகளுக்கும் வேண்டிய குடிநீர், உணவு, படைக்கலம் ஆகியவற்றை முன்கூட்டியே கணக்கிட்டு ஏற்றுதல் இன்றியமையாததாயிற்று. காற்றின் இயல்பையும் துறைமுகங்களின் ஆழத்தையும் அறிந்தவர்கள் ஆண்டுதோறும் அவ்வழியே சென்று மீண்ட வணிகர்களும் மாலுமிகளுமே. வணிகம் வகுத்த பாதையில்தான் படை சென்றது.

கடலிலிருந்து கோட்டைக்கு

கி.பி.1025இல் சோழர் கலங்கள் கடாரம் நோக்கிப் புறப்பட்டன. இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி, அலைகடல் நடுவே பல கலங்கள் செலுத்தப்பட்டதைக் கூறியபின், வென்ற ஊர்களை வரிசைப்படுத்துகிறது. சீவிசயம், பண்ணை, மலையூர், மாயிருடிங்கம், இலங்காசோகம், தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், நக்கவாரம், கடாரம் முதலியவை அவ்வரிசையில் இடம்பெறுகின்றன. நக்கவாரம் என்பது இன்றைய நிக்கோபார்த் தீவுகள். கடாரம் என்பது மலேசியாவின் கெடா. தலைத்தக்கோலம் தாய்லாந்தின் தகுவாபா எனக் கருதப்படுகிறது.

அவ்வரிசையைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். நடுக்கடலில் கலத்தோடு கலம் மோதிய போர் எதனையும் மெய்க்கீர்த்தி விரித்துரைக்கவில்லை. மணிகள் பதித்த வாயில், நீராடுதுறை, மலைக்கோட்டை, கடலையே அகழியாகக் கொண்ட ஊர் என நிலத்தின் அமைப்புகளையே அது பேசுகிறது. வெற்றி கரையில்தான் கிட்டியது. கரைவரை கொண்டு சேர்த்தது கலம்.

சீவிசயத்தின் தலைநகரான பாலெம்பாங் கடற்கரை நகரன்று. மூசி ஆற்றின் வழியே கடலிலிருந்து உள்நாட்டில் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் அது அமைந்துள்ளது. மலையூர் எனப்பட்ட சம்பிப் பகுதி பத்தாங்காரி ஆற்றின் கரையில் உள்ளது. இத்தகைய நகரங்களைக் கைப்பற்றக் கடல் கடந்தால் மட்டும் போதாது. ஆற்று முகத்தில் நுழைந்து, நீரோட்டத்தை எதிர்த்து மேலேறி, கரையில் படையை இறக்க வேண்டும். கலம் இன்றிக் காலாள் அங்குச் செல்ல இயலாது. காலாள் இன்றிக் கலம் கோட்டையைப் பிடிக்க இயலாது. ஒன்று தவறினும் மற்றொன்று அழியும். 1944ஆம் ஆண்டு சூன் 6ஆம் நாள் நார்மண்டிக் கரையில் நேச நாடுகளின் படைகள் இறங்கியபோதும் கடலின் ஏற்றவற்றத்தையும் வானிலையையும் கணித்தே நாள் குறித்தனர். கருவிகள் மாறினும் இப்போர்முறையின் அடிப்படை மாறவில்லை.

பரந்து கிடந்த துறைமுகங்கள் தாக்குண்டன, சீவிசயம் நிலைகுலைந்தது. வேந்தன் சங்கிராம விசயோத்துங்கவர்மன் சிறைப்பட்டான். அவனது யானைகளும் கருவூலமும் சோழர் வசமாயின. கடாரம் கொண்டான் என்னும் பெயர் இராசேந்திரனுக்கு நிலைத்தது.

வெற்றிக்குப் பின்

வென்ற நாடுகளைச் சோழர் தொடர்ந்து ஆளவில்லை. தொலைவும் காற்றும் அதற்கு இடந்தரவில்லை. வழி திறந்ததே அவர்கள் பெற்ற பயன். கி.பி.1033இல் இராசேந்திரனின் தூதுக்குழு சீனம் சென்றது. கி.பி.1088இல் சுமத்திராவின் பாரூசில் தமிழ் வணிகக்குழுவினர் தமிழிலேயே கல்வெட்டுப் பொறித்தனர். நாகப்பட்டினத்துச் சூளாமணி விகாரையோ போருக்குப் பின்னும் இடிக்கப்படவில்லை. முதற் குலோத்துங்கன் கி.பி.1090இல் அவ்விகாரைக்குரிய ஊர்களின் உரிமைகளை மீண்டும் உறுதி செய்தான். வேந்தரிடையே பகை மூண்டபோதும் வழிபாட்டிடம் காக்கப்பட்டது எண்ணத்தக்கது.

இராசேந்திரன் போரில் மட்டும் நாட்டம் கொண்டவன் அல்லன். பண்டித சோழன் எனப் பெயர் பெற்றவன். எண்ணாயிரம் என்னும் ஊரில் 340 மாணவர்கள் உணவும் கல்வியும் பெற்ற கல்லூரி, 14 ஆசிரியர்களுடன் இவனது ஆணையால் இயங்கியது. இவன் எழுப்பிய கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் இன்று யுனெஸ்கோவின் உலக மரபுச்சின்னமாக விளங்குகிறது.

தண்ணீர்ப்பந்தல்

கி.பி.1044இல், இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்துப் பிரமதேசத்தில் இராசேந்திரன் மறைந்தான். அவன் உடலோடு அரசி வீரமாதேவியும் எரிபுகுந்து உயிர்நீத்தாள். அவளது தாகம் தணியும்பொருட்டு அவளின் உடன்பிறந்தான், படைத்தலைவன் ஒருவன், அங்குத் தண்ணீர்ப்பந்தல் அமைக்கக் கொடையளித்தான். இதனைப் பிரமதேசத்துக் கல்வெட்டு நமக்கு அறிவிக்கிறது.

கங்கையைக் கொணர்ந்து ஏரி நிறைத்து, கடலைக் கடந்து கடாரம் கொண்ட வேந்தனின் வரலாறு, வழிப்போக்கர் நீரருந்தும் ஒரு பந்தலில் வந்து முடிகிறது. அவனது படைத்திறனை வியக்கும் நாம், சிறையில் மடிந்த மகிந்தனையும் தீயில் மடிந்த வீரமாதேவியையும் மறவாதிருத்தல் வேண்டும். வெற்றியின் அளவையும் அதற்குத் தரப்பட்ட விலையையும் ஒருசேர நிறுத்துப் பார்ப்பதே வரலாறு நமக்குக் கற்றுத்தரும் நேர்மையாகும்.

கற்பவை கற்றபின்

1. தென்கிழக்கு ஆசிய நிலவரைபடத்தில் இராசேந்திரனின் படை சென்ற இடங்களைக் குறித்து வகுப்பறையில் காட்சிப்படுத்துக.

2. உங்கள் ஊரில் உருவாகும் பொருள் ஒன்று எத்துறைமுகத்தின் வழியே எந்நாட்டை அடைகிறது எனக் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.

3. 'கடாரப்போர் வணிகத்தைக் காத்த போரா, புகழுக்காக நிகழ்ந்த போரா?' என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.