ஹுவான் டிரிப்பும் விமானச் சீட்டின் விலையும்

கடல் கடந்து கல்வி கற்கப் புறப்படும் மாணவர் முதற்கண் ஆராய்வது விமானச் சீட்டின் விலை. அடுத்து ஆராய்வது ஆசனத்தின் வசதி. இவ்விரண்டும் ஒன்றற்கொன்று பகையாவன. ஆசனம் அகன்றால் விலை ஏறும். விலை குறைந்தால் முழங்கால் இடிக்கும். விலை குறைதலே முதன்மையானதெனப் பல்லாண்டு வாதாடி வென்றவர், பான் அமெரிக்கன் விமானக் கம்பெனியின் தலைவர் ஹுவான் டிரிப். அவர் சரித்திரத்தை ஈண்டுச் சுருங்க உரைப்போம்.

அவர் 1899-ஆம் ஆண்டு ஜூன் 27-ஆம் நாள் நியூ ஜெர்சி மாகாணத்தில் பிறந்தார். பெயர் கொண்டு அவரை ஸ்பானியர் என மயங்குவார் உளர். தந்தைவழி முன்னோர் ஆங்கிலேயரே. முதல் உலக யுத்த காலத்தில் கடற்படையிற் சேர்ந்து விமானம் ஓட்டக் கற்றார். யேல் சர்வகலாசாலையிற் பட்டம் பெற்றார். பின்னர்க் கடற்படை கழித்து விற்ற பழைய விமானங்கள் சிலவற்றை வாங்கி ஒரு சிறு கம்பெனி தொடங்கினார். ஒரு பிரயாணி மட்டுமே அமரத்தக்க அவ்விமானங்களில் வலிமை மிகுந்த இயந்திரத்தைப் பொருத்தி, இருவரை அமரச் செய்தார். அவர் பிற்காலத்துச் செயல்களெல்லாம் இக்கணக்கின் விரிவே என்பது எம் கருத்து.

1927-இல் பான் அமெரிக்கன் கம்பெனி கீ வெஸ்டிலிருந்து ஹவானாவுக்குத் தபால் கொண்டு செல்லத் தொடங்கியது. 1935-இல் பசிபிக் சமுத்திரத்தையும், 1939-இல் அட்லாண்டிக்கையும் கடந்தது. அட்லாண்டிக்கைக் கடந்த நீர்விமானத்தில் போஜனசாலையும் படுக்கைகளும் இருந்தன. ஆயின் போய்த் திரும்பக் கட்டணம் 675 டாலர். அத்தொகைக்கு அந்நாளில் அமெரிக்காவில் புதிய மோட்டார் வண்டியே வாங்கலாம்! செல்வரன்றிப் பிறர் ஏறுதல் எங்ஙனம்?

டிரிப்பின் வாதம் எளியது. நாற்பதின்மர் அமரினும் எண்பதின்மர் அமரினும் எண்ணெய்ச் செலவும் விமானிகளின் சம்பளமும் பெரிதும் வேறுபடா. ஆகவே ஆசனங்களைப் பெருக்கினால் ஒவ்வொருவர் பங்கும் குறையும். 1945-இல் நியூயார்க்–லண்டன் கட்டணத்தை 275 டாலராகக் குறைப்போமென அறிவித்தார். பிரிட்டிஷ் அரசாங்கம் அதற்கு இணங்க மறுத்தது. அவ்வாண்டில் தோன்றிய பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கமோ, எல்லாக் கம்பெனிகளும் ஒரே கட்டணம் வாங்க வேண்டுமென்றது. டிரிப் வேறு வழி தேடினார். 1948-இல், சங்கத்தின் கை எட்டாத நியூயார்க்–சான் ஹுவான் மார்க்கத்தில் 75 டாலருக்கு மலிவு வகுப்பை ஏற்படுத்தினார். ஈற்றில் சங்கமும் இசைந்தது. 1952 மே 1-ஆம் நாள் அட்லாண்டிக்கின் மீதும் மலிவு வகுப்பு வந்தது. போய்த் திரும்ப 486 டாலர், ஒரு விமானத்தில் 82 ஆசனங்கள்.

இதனால் இவரை வள்ளலென்று எண்ணற்க. அமெரிக்காவின் கடல் கடந்த விமானப் போக்குவரத்து முழுதும் தம் கம்பெனி ஒன்றற்கே உரியதாதல் வேண்டுமென முயன்றவரும் இவரே. 1958-இல் இன்னும் மலிவான எகானமி வகுப்பு ஏற்பட்டபொழுது, அதில் சாண்ட்விச் மட்டுமே தரலாமென விதித்தனர். ஐரோப்பியக் கம்பெனிகள் சில அதன்மேல் இறைச்சியும் பிறவும் அடுக்கி விருந்தே படைத்தன. பான் அமெரிக்கன் முறையிட, ஸ்காண்டிநேவியக் கம்பெனிக்கு 20,000 டாலர் அபராதம் கிடைத்தது. பிரயாணியின் வயிறு நிறைவதைத் தடுக்க ஒரு வழக்கு!

1955-இல் 45 ஜெட் விமானங்களுக்கு ஒருங்கே ஆணையிட்டார். வரிசைக்கு ஆறு ஆசனம் வேண்டுமென அவர் பிடிவாதம் செய்ய, போயிங் கம்பெனி தன் விமானத்தின் உடலை அகலமாக்கிற்று. 1966-இல் அதனினும் இருமடங்குக்கு மேல் மக்களை ஏற்றும் 747 விமானங்கள் 25-க்கு, 525 மில்லியன் டாலர் விலையில் ஒப்பந்தம் செய்தார். 1968-இல் பதவி துறந்தார். 747 முதன்முதல் பிரயாணிகளுடன் லண்டனுக்குப் பறந்தது 1970 ஜனவரியில். அக்காலத்தில் வாணிகம் தளர்ந்திருந்தமையின் ஆசனங்கள் பல வெறுமையாகவே சென்றன. கடன் சுமை கம்பெனியை அழுத்தியது. 1973-இல் எண்ணெய் விலையும் உயர்ந்தது. டிரிப் 1981 ஏப்ரல் 3-ஆம் நாள் நியூயார்க்கிற் காலமானார். பான் அமெரிக்கன் 1991 டிசம்பர் 4-ஆம் நாள் பறப்பதை நிறுத்தியது.