தம்மையே சோதனைக்கு ஆளாக்கிய ஹால்டேன்

கண்ணுக்குத் தெரியாமல், மணமும் இல்லாமல் ஒரு நஞ்சு காற்றில் கலந்திருந்தால் அதை எப்படி அறிவது? இந்தக் கேள்வியோடு வாழ்நாளெல்லாம் போராடியவர் ஜான் ஸ்காட் ஹால்டேன்.

அவர் 1860-ஆம் ஆண்டு மே மாதம் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தார். அங்கேயே மருத்துவம் பயின்று 1884-இல் பட்டம் பெற்றார். ஆயினும் அவர் மனம் ஆராய்ச்சியையே நாடியது. டண்டீ நகரில் ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த வீடுகளுக்கு இரவு வேளைகளில் சென்று, அவர்கள் உறங்கும் அறைகளின் காற்றைச் சோதித்தார். பள்ளிக்கூடங்களையும் அவர் விட்டுவைக்கவில்லை!

அந்நாளில் நிலக்கரிச் சுரங்கங்களில் வெடிவிபத்துகள் அடிக்கடி நேர்ந்தன. வெடியின் வேகத்தாலும் தீயாலுமே தொழிலாளர்கள் மடிகிறார்கள் என்று பலரும் எண்ணினர். 1896-இல் வேல்ஸிலுள்ள டைலர்ஸ்டவுன் சுரங்கம் வெடித்து 57 பேர் மாண்டனர். ஹால்டேன் அங்குச் சென்று உடல்களைப் பார்வையிட்டார். பலரது தோல், உயிருள்ளவர்களைப் போல் இளஞ்சிவப்பாக இருந்தது. அவர்களைக் கொன்றது கார்பன் மோனாக்ஸைடு என்னும் வாயு. நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் பிராண வாயுவைச் சுமந்து செல்கிறது என்று படித்திருக்கிறோம் அல்லவா? இந்த வாயு அதே ஹீமோகுளோபினை இறுகப் பற்றிக்கொண்டு, பிராண வாயுவுக்கு இடமில்லாமல் செய்துவிடுகிறது. விளக்கு அணையாமல் எரியும், மனிதன் சாய்ந்துவிடுவான்.

இதை அவரால் உறுதியாகக் கூற முடிந்தது எப்படி? அந்த நஞ்சை அவரே சுவாசித்துப் பார்த்திருந்தார்! ஆய்வுக்கூடத்தில் அமர்ந்து, தம் இரத்தத்தில் ஏறத்தாழ பாதியளவு அது நிறையும் வரை சுவாசித்து, தம் உடலில் உண்டான மாறுதல்களைக் குறித்துக்கொண்டார்.

சிறிய உயிர்கள் வேகமாகச் சுவாசிப்பதால் மனிதனுக்கு முன்பே மயங்கிவிடும். எனவே எலியையோ கானரிப் பறவையையோ கூண்டில் வைத்துச் சுரங்கத்துக்குள் எடுத்துச் செல்லுமாறு அவர் யோசனை கூறினார். பறவை கீழே விழுந்தால் உடனே வெளியேற வேண்டும். மயங்கிய பறவையைப் பிழைக்க வைக்கப் பிராண வாயு உருளை பொருத்திய கூண்டுகளும் பின்னர் வந்தன. அதைப் படித்த பிறகுதான் எனக்கு ஆறுதலாக இருந்தது.

ஹால்டேன் தம் மகனைச் சிறுவயதிலேயே சுரங்கத்துக்கு அழைத்துச் சென்றார். மீத்தேன் வாயு தேங்கிய ஓரிடத்தில் அவனை நிற்க வைத்து, ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசர் நாடகத்தில் ஆண்டனி பேசும் பேச்சை ஒப்பிக்கச் சொன்னார். சிறிது நேரத்தில் மூச்சு முட்டிச் சிறுவன் கீழே விழுந்தான். தரையில் விழுந்ததும் நன்றாகச் சுவாசிக்க முடிந்தது! மீத்தேன் காற்றைவிட இலேசானது, மேலேதான் தங்கும். அப்பா நடத்திய இந்தப் பாடத்தை மகன் மறக்கவேயில்லை. அவர்தான் புகழ்பெற்ற உயிரியல் அறிஞர் ஜே. பி. எஸ். ஹால்டேன். 1957-இல் இந்தியாவுக்கு வந்து குடியேறிய அவர், 1964-இல் புவனேசுவரத்தில் காலமானார்.

1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர நகரருகே ஜெர்மானியப் படை குளோரின் வாயுவைத் திறந்துவிட்டது. குளோரின் நுரையீரலைப் புண்ணாக்கி அதில் நீர் கோக்கச் செய்யும். தரையில் நின்றபடியே மனிதன் நீரில் மூழ்கியவனைப்போல் திணறுவான். பஞ்சு வைத்த முகத்துணிகள் தைத்துத் தருமாறு இங்கிலாந்துப் பெண்களைச் செய்தித்தாள் ஒன்று வேண்டியது. அவர்களும் ஆர்வத்துடன் தைத்துக் குவித்தனர். எத்தனை அன்போடு தைத்திருப்பார்கள்! ஆனால் அவை பயன்படவில்லை. உலர்ந்த பஞ்சு வாயுவைத் தடுக்காது; நனைந்த பஞ்சின் வழியே மூச்சு இழுக்க முடியாது. ஹால்டேன் போர்முனைக்கு விரைந்தார். அவரும் மகனும் நண்பர்களும் குளோரின் நிரப்பிய அறைக்குள் மாறி மாறிச் சென்று இருமியும் திணறியும் சோதனை செய்தனர். இத்தகைய சோதனைகளின் பயனாக, புகைப்படம் கழுவ உதவும் ஹைப்போ முதலிய மருந்துக் கரைசலில் தோய்த்த முகக்கவசங்கள் படைவீரர்களுக்குக் கிடைத்தன.

முதுமையிலும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. கடும் வெப்பத்தால் தொழிலாளர்கள் படும் பாட்டை ஆராயப் பாரசீகத்துக்கும் ஈராக்குக்கும் பயணம் செய்தார். திரும்பியபின் நிமோனியா கண்டு, 1936 மார்ச் மாதத்தில் ஆக்ஸ்போர்டில் உயிர் நீத்தார். கானரிகள் மட்டும் பிரிட்டனின் சுரங்கங்களில் 1986 வரை காவல் இருந்தன.